எழுத்து அட்டையை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்: சின்னக் குழந்தைகளுக்கு வாசிப்புத் துணையாகப் போகிறவர்களுக்கு

மூன்று வயதிலிருந்து ஐந்து வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு வாசிப்பில் துணையாக இருக்கலாம் என்று ஆசையோடு வருகிறவர்களில் பெரும்பாலோர் முதல் நாளில் கையில் ஓர் எழுத்து அட்டையோடு வருவார்கள். நானும் அப்படித்தான் போனேன். அ, ஆ, இ, ஈ என்று வரிசையாகச் சொல்லிக்கொடுத்தால் இரண்டு மாதத்தில் பிள்ளைகள் படிக்க ஆரம்பித்துவிடுவார்கள் என்று நம்பினேன். பிள்ளைகள் வரிசையைப் பாட்டாகப் பாடினார்கள். நடுவில் ஒரு எழுத்தைத் தொட்டு "இது என்ன?" என்று கேட்டால் முதலிலிருந்து பாடிக்கொண்டே வந்தார்கள்.

எழுத்து வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அது வரும். அதற்கு முன்னால் பிள்ளை நிறையப் பேச வேண்டும். சொல்லுக்குள் இருக்கும் ஓசையைக் காதால் பிரித்துப் பார்க்க வேண்டும். புத்தகத்தை எந்தப் பக்கம் பிடிப்பது, எங்கிருந்து படிப்பது என்று தொட்டுப் பழக வேண்டும். இருபது பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஓர் ஆசிரியரால் ஒவ்வொரு பிள்ளையின் பக்கத்திலும் உட்கார்ந்து பேச முடியாது. உங்களுக்கான வேலை அங்கேதான் இருக்கிறது.

சேர்வதற்கு முன்னால்

மழலையர் பள்ளி, குழந்தைகள் காப்பகம், நூலகத்தின் சிறுவர் பகுதி, எதில் வேண்டுமானாலும் ஆரம்பிக்கலாம். பொறுப்பாளரை நேரில் பார்த்து, வாரத்தில் எந்த நாள் வருவீர்கள், எத்தனை மாதம் வருவீர்கள் என்ற இரண்டையும் தெளிவாகச் சொல்லுங்கள். வாரம் ஒரு மணி நேரம் தாராளமாகப் போதும். ஆனால் அதே கிழமை, அதே நேரமாக இருக்கட்டும். நான்கு வயதுப் பிள்ளைக்குத் தேதி தெரியாது, "அக்கா வர்ற நாள்" என்பது தெரியும். குறைந்தது ஆறு மாதம் வர முடியும் என்றால் மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள். முதல் மாதம் ஐந்து தடவை வந்துவிட்டு அப்புறம் காணாமல் போகிறவரால் பிள்ளைகளுக்கு ஏமாற்றம்தான் மிஞ்சுகிறது.

அங்குள்ள பாதுகாப்பு விதிகளைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் பின்னணியை விசாரித்தால் சங்கடப்படாதீர்கள், விசாரிக்காத இடத்தைப் பற்றித்தான் யோசிக்க வேண்டும். எந்தப் பிள்ளையோடும் மூடிய அறையில் தனியாக இருக்க வேண்டாம். மற்றவர்கள் பார்வையில் படும் மூலையாகப் பார்த்து உட்காருங்கள். கழிப்பறைக்கு அழைத்துப் போவது பள்ளி ஊழியரின் வேலை. போட்டோ எடுக்காதீர்கள், பிள்ளையின் பெயரையோ படத்தையோ எங்கும் பதிவிடாதீர்கள். தின்பண்டம், பரிசு எதுவும் கொண்டுபோக வேண்டாம். சளி, காய்ச்சல் என்றால் அன்றைக்குப் போகாமல் இருந்துவிடுங்கள்.

முதல் நாள் எதுவும் செய்யாதீர்கள். ஓரமாகத் தரையில் உட்கார்ந்து பாருங்கள். எந்தப் பிள்ளை பேசிக்கொண்டே இருக்கிறது, எது வாய் திறப்பதே இல்லை, எது புத்தக அலமாரிப் பக்கமே போவதில்லை என்று கவனியுங்கள். பெயர்களைச் சரியான உச்சரிப்போடு கற்றுக்கொள்ளுங்கள். கிளம்பும்போது ஆசிரியரிடம், "இந்த மாதம் எதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறீர்கள்? நான் யாரோடு உட்கார்ந்தால் உங்களுக்கு உதவியாக இருக்கும்?" என்று கேளுங்கள். நாம் அவருடைய வகுப்புக்குத் துணையாக வந்திருக்கிறோம், இன்னொரு வகுப்பு நடத்த வரவில்லை.

புத்தகம் தேர்வு செய்வது

படம் பெரிதாக, ஒரு பக்கத்தில் ஒன்றிரண்டு வரி மட்டும் இருக்கும் புத்தகம் எடுங்கள். ஒரே வரி திரும்பத் திரும்ப வரும் கதை மிகவும் நல்லது, மூன்றாவது பக்கத்திலேயே பிள்ளைகள் கூடச் சேர்ந்து சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். எழுத்தே இல்லாத படப் புத்தகங்களையும் விட்டுவிடாதீர்கள். கையில் புத்தகம் இல்லை என்றால், பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. வாசிப்புத் திறனுக்கு ஏற்ப நிலை 1 முதல் 4 வரை பிரித்திருப்பார்கள். நமக்கு முதல் நிலை போதும். முடிந்தவரை தாளில் அச்சிட்டுக் கொண்டுபோங்கள். பக்கத்தைத் தானே புரட்டுவதும் பிள்ளை கற்கிற ஒரு விஷயம்தான்.

கதையை முந்தைய நாள் வீட்டில் இரண்டு தடவை சத்தமாகப் படித்துப் பாருங்கள். எங்கே நிறுத்துவது, எந்தச் சொல் பிள்ளைக்குப் புதிதாக இருக்கும் என்று அப்போது தெரியும். ஒரு கதைக்கு இரண்டு மூன்று புதுச் சொல் போதும்.

"அதே கதையா?" என்று நமக்குத்தான் அலுக்கும், பிள்ளைகளுக்கு அலுக்காது. இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் 3 வயதுக் குழந்தைகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2011-இல் வெளிவந்தது. ஒரே கதையை மறுபடி மறுபடி கேட்ட பிள்ளைகள், வெவ்வேறு கதைகளைக் கேட்ட பிள்ளைகளைவிடப் புதுச் சொற்களை நன்றாகக் கற்றிருந்தார்கள். இரு தரப்பும் அந்தச் சொற்களைக் கேட்டது ஒரே அளவு தடவைதான். எனவே ஒரு புத்தகத்தை மூன்று வாரமாவது வைத்திருங்கள்.

உட்கார்ந்து படிக்கும்போது

ஒரே நேரத்தில் மூன்று நான்கு பிள்ளைகளுக்கு மேல் வேண்டாம். நீங்களும் தரையில் உட்காருங்கள். எல்லோருக்கும் படம் தெரிய வேண்டும். ஒரு குழுவோடு 15 முதல் 20 நிமிடம், அதில் கதைக்குப் பத்து நிமிடம். அதற்குள் ஒரு பிள்ளை எழுந்து போனால் போகட்டும், கூப்பிட்டு உட்கார வைக்காதீர்கள். அந்தப் பக்கம் பொம்மையை வைத்துக்கொண்டு காதை இங்கே வைத்திருக்கும் பிள்ளைகள் உண்டு.

அட்டையைக் காட்டி, "இதில் என்ன நடக்கப் போகுது?" என்று ஆரம்பியுங்கள். தலைப்பைப் படியுங்கள். எழுதியவர் பெயரையும் படம் வரைந்தவர் பெயரையும் சொல்லுங்கள். புத்தகத்தை ஒரு ஆள் எழுதியிருக்கிறார் என்பதே பல பிள்ளைகளுக்குப் புதிய செய்தி.

அப்புறம் படிக்கிறீர்கள். இங்கேதான் புதியவர்கள் கடகடவென்று கடைசிப் பக்கத்துக்குப் போய்விடுகிறார்கள். கதை முடிந்ததும் "கதை பிடிச்சுதா?" என்று ஒரு கேள்வி, "பிடிச்சுது" என்று ஒரு கோரஸ், அவ்வளவுதான். பிள்ளையின் வாய்க்கு வேலையே இல்லை. அமெரிக்க உளவியலாளர் குரோவர் வைட்ஹர்ஸ்டும் அவருடைய குழுவினரும் 1988-இல் வெளியிட்ட ஆய்வு உரையாடல் வாசிப்பு என்ற முறையைப் பற்றியது. அதன் சாரம் மிகவும் எளிது: போகப் போகக் கதையைப் பிள்ளை சொல்ல வேண்டும், பெரியவர் கேட்க வேண்டும். ஒரே மாதம் இப்படிப் படித்துக்காட்டிய பெற்றோரின் குழந்தைகள், வழக்கம்போல் படித்துக்காட்டியவர்களின் குழந்தைகளைவிடப் பேச்சில் முன்னே போயிருந்தார்கள்.

செய்முறை இதுதான். படத்தைக் காட்டி ஒன்று கேளுங்கள்: "இங்கே யார் ஒளிஞ்சிருக்காங்க?" பிள்ளை "பூனை" என்கிறது. "ஆமாம், பூனை. கட்டிலுக்கு அடியில் ஒளிஞ்சிருக்கிற கறுப்புப் பூனை" என்று அதன் சொல்லோடு இரண்டு சொல் சேர்த்துத் திருப்பிக் கொடுங்கள். "நீயும் சொல்லு பார்க்கலாம்" என்று ஒரு தடவை சொல்ல வையுங்கள். ஒரு பக்கத்துக்கு இப்படி ஒன்று போதும், பக்கம் முழுக்கக் கேள்வி கேட்டால் கதை செத்துவிடும். ஆமாம், இல்லை என்று முடிந்துவிடும் கேள்வியைக் குறைத்துக்கொள்ளுங்கள். "ஏன் ஓடிப்போச்சு?", "நீயா இருந்தா என்ன பண்ணுவ?" என்பவை பேச வைக்கும் கேள்விகள்.

கேட்டபின் காத்திருங்கள். இது சொல்ல எளிது, செய்வது கஷ்டம். மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970-களில் வகுப்பறைப் பேச்சைப் பதிவு செய்து ஆராய்ந்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டு ஏறக்குறைய 1 விநாடிதான் காத்திருந்தது தெரிந்தது. அதை 3 விநாடியாக நீட்டியதும் பதில்கள் நீண்டன, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். அவர் பார்த்தது பெரிய பிள்ளைகளை. நம் பிள்ளைகளுக்கு நான் மனதுக்குள் ஐந்து வரை எண்ணுகிறேன்.

எங்கள் குழுவில் ஒரு பையன் இருந்தான். ஐந்து வாரம் ஒரு சொல் பேசவில்லை. மற்றவர்கள் கத்துவார்கள், அவன் புத்தகத்தின் ஓரத்தைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருப்பான். ஆறாவது வாரம், அதே புத்தகம், அதே பக்கம். யானை எங்கே போகிறது என்று நான் கேட்டுவிட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். அவன் யானையைப் பார்க்கவே இல்லை. பக்கத்தின் கீழ் மூலையில் ஓவியர் போகிற போக்கில் வரைந்திருந்த ஓர் எறும்பின் மேல் விரலை வைத்து, "இது அழுவுது" என்றான். ஆறு வாரமாக அந்தப் பக்கத்தைப் படித்த எனக்கு அந்த எறும்பு கண்ணிலேயே பட்டதில்லை. "ஏன் அழுவுது?" என்று கேட்டேன். "அம்மாவைக் காணோம்." அன்றைக்கு யானைக் கதையை மூடி வைத்துவிட்டு எறும்புக் கதையைத்தான் பேசினோம். பிள்ளை எந்தப் பக்கம் இழுக்கிறதோ அந்தப் பக்கம் போய்விடுங்கள்.

பேச்சுத் தமிழா, புத்தகத் தமிழா?

தமிழில் படித்துக்காட்டுகிறவர்கள் எல்லோருக்கும் வருகிற குழப்பம் இது. புத்தகத்தில் "யானை நின்றுகொண்டிருந்தது" என்று இருக்கும். பிள்ளையின் காதுக்குப் பழகியது "யானை நின்னுக்கிட்டு இருந்துச்சு." எழுத்துத் தமிழ் அதற்கு ஏறக்குறைய இன்னொரு மொழி மாதிரி.

நான் செய்வது இப்படி. முதல் வாரம் படங்களைக் காட்டிப் பேச்சுத் தமிழிலேயே கதையைச் சொல்லிவிடுவேன். கதை முழுவதும் புரிந்துவிடும். அடுத்த வாரத்திலிருந்து புத்தகத்தில் உள்ளது உள்ளபடி படிப்பேன், அப்போது மட்டும் சொற்களுக்குக் கீழே விரலை ஓட்டுவேன். பேச்சுத் தமிழில் சொல்லும்போது விரல் வைக்கக் கூடாது. விரல் ஒரு சொல்லிலும் வாய் இன்னொரு சொல்லிலும் இருந்தால், எழுத்தும் ஒலியும் ஒன்றுக்கொன்று சேர்ந்தவை என்பது பிள்ளைக்குப் பிடிபடாது.

விரல் வைப்பது சின்ன வேலையாகத் தோன்றும். கனடாவில் இரண்டு ஆய்வாளர்கள் கதை கேட்கும் குழந்தைகளின் கண் அசைவைப் பதிவு செய்து 2005-இல் வெளியிட்டார்கள். குழந்தைகளின் கண் ஏறக்குறைய முழு நேரமும் படத்தின் மேல்தான் இருந்தது, எழுத்தின் பக்கம் போகவே இல்லை. நாம் சுட்டிக் காட்டாவிட்டால் அங்கே எழுத்து இருப்பதே அவர்களுக்குப் பொருட்டில்லை. ஆனால் எல்லாப் பக்கத்திலும் வேண்டாம், அந்தத் திரும்ப வரும் வரிக்கு மட்டும் போதும்.

பிள்ளை கதையைத் திருப்பிச் சொல்லும்போது "இருந்துச்சு" என்றால் "இருந்தது என்று சொல்" எனத் திருத்தாதீர்கள். வீட்டில் வேறு மொழி பேசும் பிள்ளை தன் மொழிச் சொல்லைக் கலந்தாலும் அப்படித்தான். அந்தச் சொல்லை நீங்களும் கற்றுக்கொண்டு ஒரு தடவை சொல்லிக் காட்டுங்கள், அந்த முகத்தைப் பார்க்க வேண்டும்!

காதுக்கான விளையாட்டு

கதை முடிந்ததும் ஐந்து நிமிடம் புத்தகம் இல்லாமல் விளையாடுங்கள். இதற்கு ஒரு பொருளும் தேவையில்லை.

முதலில் கைதட்டல். "யா-னை" இரண்டு தட்டு. "கு-ரு-வி" மூன்று. "பட்-டாம்-பூச்-சி" நான்கு. பிள்ளைகளின் பெயர்களைத் தட்டுங்கள், உற்சாகம் தாங்காது. ஒன்றைக் கவனியுங்கள்: இது எழுத்து எண்ணுவது இல்லை. "பட்டம்" என்பதில் எழுத்து நான்கு, தட்டு இரண்டுதான், பட்-டம். புள்ளி வைத்த எழுத்து முன்னால் இருப்பதோடு ஒட்டிக்கொள்ளும். யாப்பு படித்தவர்கள் நேரசை, நிரையசைக் கணக்கையும் இங்கே கொண்டுவர வேண்டாம்; வாய் எங்கே இயல்பாக நிற்கிறதோ அங்கே தட்டினால் சரி.

அடுத்தது எதுகையும் மோனையும். நம் செய்யுளில் காலம் காலமாக இருக்கும் இந்த இரண்டும் சின்னக் காதுகளுக்கு மிகப் பொருத்தமான பயிற்சி. பட்டம், வட்டம், கட்டம் என்று நீங்கள் சொல்லுங்கள், பிள்ளைகள் தொடரட்டும். "லட்டம்" என்று பொருளே இல்லாத சொல்லைக் கண்டுபிடித்தாலும் பாராட்டுங்கள், காது வேலை செய்கிறது என்று பொருள். இன்னொரு நாள் முதல் ஓசை: "மயில், மரம், மழை... இன்னும் யார் இந்த வண்டியில் ஏறலாம்?"

ப என்பதை ப், அ என்று பிரிக்கச் சொல்வதெல்லாம் இந்த வயதுக்குச் சீக்கிரம். இசபெல் லிபர்மனும் உடன் ஆய்வு செய்தவர்களும் 1974-இல் ஆங்கிலம் பேசும் குழந்தைகளைச் சொல்லின் பகுதிகளுக்கு ஏற்பக் குச்சியால் தட்டச் சொல்லிப் பார்த்தார்கள். நான்கு வயதுப் பிள்ளைகளில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு, நாம் கைதட்டுவதுபோல் அசை அசையாகப் பிரிக்க வந்தது. தனி ஒலியாகப் பிரிக்க ஒருவருக்கும் வரவில்லை. நம் எழுத்து முறையும் பெரும்பாலும் மெய்யும் உயிரும் சேர்ந்தே எழுதப்படுவதால், அந்த அளவில் காது பழகினால் பிறகு எழுத்தும் சுலபமாக வரும்.

ஒரு சின்னப் பெண் ஒருநாள் முதல் ஓசை விளையாட்டில், "பஸ்ஸும் பல்லும் ஒண்ணு இல்ல" என்று பிடிவாதமாக நின்றாள். இரண்டுக்கும் எழுத்து ஒன்றுதான், ஓசை வேறு. அவள் சொன்னது முழுக்கச் சரி. இப்படி ஒரு பிள்ளை சொன்னால், "எவ்வளவு நல்லாக் கேட்டிருக்க!" என்று மனதாரச் சொல்லுங்கள். எழுத்தைக் காட்டி அதன் காதைப் பொய்யாக்கிவிடாதீர்கள்.

எழுத்து வரும்போது

எங்கிருந்து தொடங்குவது? பிள்ளையின் பெயரிலிருந்து. ஒரு அட்டையில் பெயரைப் பெரிதாக எழுதி, வந்ததும் தன் அட்டையை எடுத்து மாட்டச் சொல்லுங்கள். முதலில் அதை ஒரு படமாகத்தான் அடையாளம் காணும். பிறகு ஒருநாள் "என் பேர்ல இருக்கிற எழுத்து உன் பேர்லயும் இருக்கு" என்று நண்பனிடம் சொல்லும். அதன்பின் ட, ப, ம மாதிரி கோடு நேராக இருக்கும் எழுத்துகளைக் காட்டலாம். அவற்றிலிருந்தே படம், பட்டம் என்று சொல்லும் கிடைத்துவிடும்.

உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, மொத்தம் 247 என்ற கணக்கை நினைத்து அவசரப்பட வேண்டாம். நம்முடையதைப் போன்ற எழுத்து முறை கொண்ட கன்னடத்தில் குழந்தைகள் படிக்கக் கற்பதை ஆராய்ந்த சோனாலி நாகின் கட்டுரை 2007-இல் வந்தது. எழுத்துகள் எல்லாம் கைவர மூன்றாம், நான்காம் வகுப்பு வரைகூட ஆகிறது என்று அதில் தெரியவந்தது. ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் எழுத்துக்கு முன்னால் நிற்கும், ஓசையோ பின்னால் வரும். அதையெல்லாம் பள்ளி பிறகு பார்த்துக்கொள்ளும்.

எழுதச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். விரல் தசை இன்னும் உறுதிப்படும் வயது. களிமண் பிசைவது, காகிதம் கிழித்து ஒட்டுவது, மணலில் விரலால் கோடு போடுவது எல்லாம் எழுத்துக்கான பயிற்சிதான். கிரேயான் உடைந்து சின்னத் துண்டாக இருந்தால் தூக்கிப் போடாதீர்கள், சின்னத் துண்டைப் பிள்ளை தானாகவே விரல் நுனியால்தான் பிடிக்கும்.

பிள்ளை படம் வரைந்தால், "இதைப் பற்றிச் சொல்லு" என்று கேட்டு, அது சொன்னதை அதன் கண் முன்னாலேயே படத்துக்குக் கீழே எழுதுங்கள். சொன்னபடியே எழுதுங்கள். "அப்பா வண்டில போய்ட்டாங்க" என்றால் அப்படியே. விரல் வைத்து ஒரு தடவை படித்துக் காட்டுங்கள். நான் இப்படி எழுதிக் கொடுத்த ஒரு தாளைப் பிடித்துக்கொண்டு ஒரு பிள்ளை வகுப்பில் ஒவ்வொருவராகப் போய், விரலை ஓட்டி அந்த ஒரே வரியை வாசித்துக் காட்டினாள். விரல் சில சமயம் தாளுக்கு வெளியே போனது. ஆனால் தன் வாயில் இருந்தது இப்போது தாளில் இருக்கிறது என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது.

சில சிக்கல்கள்

ஒரே பிள்ளை எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னால், பக்கம் புரட்டும் பொறுப்பை அதனிடம் கொடுங்கள், மற்றவர்களுக்கு வாய் கிடைக்கும். பிள்ளை தவறாகச் சொன்னால் "தப்பு" என்ற சொல் வேண்டாம், சரியானதை உங்கள் வாக்கியத்தில் சேர்த்துச் சொன்னால் போதும். இரண்டு பிள்ளைகளை ஒப்பிட்டுப் பேசவே கூடாது.

கூப்பிட்டால் அடிக்கடி திரும்பாத பிள்ளை, முகத்துக்கு மிக அருகில் புத்தகத்தை வைத்துப் பார்க்கும் பிள்ளை, இரண்டு சொல் சேர்த்துப் பேசாத நான்கு வயதுப் பிள்ளை ஆகியோரைக் கண்டால், நீங்கள் பார்த்ததை மட்டும் ஆசிரியரிடம் சொல்லுங்கள். என்ன குறை என்று பெயர் வைப்பது நம் வேலை இல்லை. பெற்றோரிடம் நேராகப் போய்ச் சொல்லவும் வேண்டாம். பெற்றோரைப் பார்த்தால், "இன்றைக்கு எறும்பைப் பற்றி எவ்வளவு அழகாகச் சொன்னான் தெரியுமா" என்று நடந்ததைச் சொல்லுங்கள். "எனக்குப் படிக்கத் தெரியாதே" என்று தயங்கும் பெற்றோரிடம், படம் பார்த்துத் தங்கள் மொழியில் கதை சொல்லவும் பிள்ளை சொல்வதைக் கேட்கவும் முடியும் என்று எடுத்துச் சொல்லுங்கள். வீட்டு மொழியை விட்டுவிடும்படி யாருக்கும் ஆலோசனை கூறாதீர்கள்.

ஒவ்வொரு தடவையும் கிளம்புவதற்கு முன் ஒரு நோட்டில் ஒரு பிள்ளைக்கு ஒரு வரி எழுதுங்கள்: என்ன கதை, பிள்ளை தானாகச் சொன்னது என்ன. மதிப்பெண் வேண்டாம், அதன் வாய்ச்சொல்லே போதும். ஆறு மாதம் கழித்து முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் பாருங்கள். "பூனை" என்று ஒரு சொல் சொன்ன பிள்ளை மூன்று வரி சொல்லியிருக்கும். நோட்டைப் பள்ளியிலேயே வைத்துவிட்டு வாருங்கள், அதில் பிள்ளைகளின் பெயர் இருக்கிறது.

விலக வேண்டி வந்தால் மூன்று வாரம் முன்பே பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். "இன்னும் மூன்று தடவை வருவேன், இன்னும் இரண்டு தடவை வருவேன்" என்று எண்ணிக்கொண்டே வாருங்கள். கடைசி நாளில் அவர்கள் கேட்கும் புத்தகத்தையே படியுங்கள். அடுத்து வருகிறவரோடு ஒரு நாளாவது சேர்ந்து உட்கார முடிந்தால், எந்தப் பிள்ளை புத்தகத்தின் எந்த ஓரத்தைப் பிடித்துக்கொள்ளும், யாருக்கு ஐந்து விநாடி போதாது, எட்டு வரை எண்ண வேண்டும் என்பதையெல்லாம் அவரிடம் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.